வில்லனை வழியனுப்பிய ஹேடோ

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். சினிமாத் தொழிலை எங்கே கற்றீர்கள்? ஏதாவது பெரிய ஸ்டுடியோவைச் சொல்வேன் என்று பேனாவோடு காத்திருப்பார்கள். போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தில் சரக்கு எழுதிக்கொண்டிருந்தேன் என்றால் முகம் தொங்கிவிடும். அடுத்த கேள்வி என் முதல் படத்தின் முடிவைப் பற்றி. வில்லன் ஊரை விட்டுப் போகிறான், ஊரே நின்று அழுகிறது. அந்தக் காலத்திலேயே இப்படி எப்படி யோசித்தீர்கள் என்பார்கள். நானும் தாடையைத் தடவிக்கொண்டு, மனித மனம் இருக்கிறதே என்று ஆரம்பித்து அளப்பேன். முப்பது படம் எடுத்தவன் அளக்காவிட்டால் மரியாதை கிடைக்காது. நடந்தது வேறு.

அறுபதுகளின் கடைசி. மெயின்லாண்டிலிருந்து கப்பல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் எங்கள் அதிர்ஷ்டம். வெங்காயம், கடிதம், சினிமாப் பெட்டி எல்லாம் அதில்தான் வரும். பெட்டியை இறக்கிக் கணக்கில் எழுதுகிறவன் நான். அடுத்த கப்பல் வரும்வரை ஊரில் அந்த ஒரே படம்தான். பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மூன்றாம் நாளில் கதாநாயகன் சலித்துவிடுவான். வில்லன் மேல் மட்டும் கோபம் நாளுக்கு நாள் ஏறும். பத்தாம் நாள் அவன் திரையில் தலைகாட்டினாலே பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ், ஹிந்தி என்று ஐந்து பாஷையில் திட்டு விழும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது.

பிடித்தது சும்மா விடவில்லை. சென்னையில் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு படத் தயாரிப்பில் இறங்கி, அது முடியும் தறுவாயில் அரசாங்க வேலையை ராஜினாமா செய்தேன். ஒரு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. என் மனைவி அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, சாமான் கட்டக் கயிறு வாங்கி வரச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

படம் முழுவதும் சென்னையில் முடிந்துவிட்டது. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. தீவு மக்களை ஏய்த்துப் பிழைத்த கான்ட்ராக்டரைக் கப்பலில் ஏற்றித் துரத்துகிறார்கள். துறைமுகமே கைகொட்டிச் சிரிக்கிறது. அதை ஹேடோவில், நிஜக் கப்பலை வைத்து எடுப்பது என்பது என் யோசனை. டைரக்டரும் கேமராமேனும் வில்லன் நடிகரும் ஒரு கப்பலில் வந்து இறங்கினார்கள். நாலாம் நாள் அதே கப்பல் திரும்பும்போது வில்லன் உண்மையாகவே அதில் ஏறிப் போய்விடுவார். சென்னையில் அவருக்கு வேறு படம் காத்திருந்தது. கையில் மிச்சம் ஒரு டப்பா பிலிம். கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்து இன்னொரு டேக் எடுக்க முடியாது. அந்த ஒரு தடவை சரியாக வந்தால் படம் உண்டு. இல்லையென்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை, படமும் இல்லை.

அந்த வில்லன் நடிகர் கத்தரிக்காய் நறுக்கவே பயப்படுகிற சாது. திரையில் அவரைப் பார்த்துப் பார்த்துக் கொதித்திருந்த ஊர் நாலு நாளும் அவருக்குக் கொடுத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். டீக்கடையில் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு, ஆறிப்போன டீ அவருக்கு வரும். வண்டூர் கடற்கரையைக் காட்டலாம் என்று அழைத்துப் போனேன். மீன் காயப்போட்டிருந்த ஒரு பெண் அவரைப் பார்த்ததும் மீனை எல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். இவ்வளவு வெறுப்பு இருந்தால் சிரிப்பு தானாக வரும் என்று நம்பினேன்.

கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர் எங்கள் தெருவில் கடை வைத்திருந்த பாய். ராமநாதபுரத்துக்காரர். அவர் கடையில் அரிசி வாங்காத குடும்பம் ஹேடோவில் கிடையாது, அதனால் இருநூறு பேர் சுலபமாகச் சேர்ந்தார்கள். முந்தின நாள் ஒத்திகை. நான் பெட்டி மேல் ஏறி நின்று வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்துவேன், அதுதான் சிக்னல். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்து கூட்டத்துக்குச் சொல்வார். "ஜஹாஜ் சூட்டேகா, ருமால் உட்டேகா, சப் லோக் ஹஸ்னா. கப்பல் நகரும், கைக்குட்டை மேலே போகும், எல்லாரும் சிரிக்கணும். சமஜ் கயா, புரிஞ்சுதா?" என்று அவர் கேட்க, மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் கப்பல் அணைகிற மேடை, அந்த ஜெட்டியே அதிர்ந்தது. முன் வரிசையில் என் மனைவியை நிறுத்தியிருந்தேன். அவள் சிரிப்பு தெரு முழுக்கக் கேட்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹேடோவில் கப்பல் புறப்பட்டால், போகிறவன் சொந்தமோ இல்லையோ, கை ஓய்ந்தவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் பெற்றவர்களையோ கூடப்பிறந்தவர்களையோ கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள். கப்பல் நகரும்போது அழுவார்கள். முன்பின் தெரியாதவன் போனாலும் அழுவார்கள். பதினொரு வருடம் அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவன் நான். அந்தக் கூட்டத்தையே கப்பல் கிளம்பும்போது சிரிக்கச் சொன்னேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

ஒத்திகையில் கப்பல் நகரவில்லை. மறுநாள் நகர்ந்தது. சங்கு ஊதியது, கயிற்றை அவிழ்த்தார்கள், கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஒரு முழத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. ஒரு தெலுங்கு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு பெங்காலிப் பெரியவர். அவ்வளவுதான், இருநூறு பேரும் அழுகிறார்கள். நாலு நாள் ஆறிய டீ கொடுத்த டீக்கடைக்காரன் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். எல்லாருக்கும் மேலே என் மனைவியின் குரல். கப்பல் தளத்தில் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டிய வில்லன், இதைப் பார்த்து முறைப்பை மறந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தானும் அழுகிறார். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். டப்பா பிலிமும் தீர்ந்தது.

அன்றைக்கு நான் கத்தின கத்தலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஊரே சேர்ந்து என் குடியைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னேன். யாருக்காக அழுதாய் என்று மனைவியைக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். கப்பல் நகந்துச்சு, அழுகை வந்துருச்சு" என்றாள்.

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தது. பாய் மட்டும் என் பக்கத்தில் வந்தார். யாருக்கும் கேட்காமல், "தம்பி, உங்க கையையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க ருமாலைத் தூக்கவே இல்லையே" என்றார்.

தூக்கவில்லைதான். கப்பல் நகர்ந்ததும் அதைக் கண்ணில் வைத்தவன், எடுக்கவே இல்லை. என் அப்பாவின் சாவுச் செய்தி இரண்டு கப்பல் தாமதமாக வந்து சேர்ந்த இடம் அந்த ஜெட்டி. பாய் என் கையிலிருந்த ஈரக் கைக்குட்டையை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது உங்ககிட்ட இருந்தா வேலைக்காவாது" என்றார். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் இன்றுவரை எந்தப் பேட்டியிலும் சொல்லவில்லை.

அடுத்த கப்பல் வரும்வரை டைரக்டரும் கேமராமேனும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டு என்னோடு பேசாமல் இருந்தார்கள். ஒரு நாள் குழம்பை ஊற்றிக்கொண்டே என் மனைவி, வில்லன் திருந்திவிட்டான் என்று வைத்துக்கொண்டால் ஊர் அழுவதில் என்ன தப்பு என்று கேட்டாள். டைரக்டர் இரண்டாம் முறை குழம்பு கேட்டார். அடுத்த கப்பல் வந்தபோது அதில் வில்லன் நடிகரின் கடிதமும் வந்தது. இருபது வருடமாகத் திரையில் செத்துக்கொண்டிருக்கிறாராம், ஒரு ஆள் அழுததில்லையாம். அந்தக் காட்சியை வெட்ட வேண்டாம், வில்லன் திருந்துவதாக ஒரு காட்சி சேர்த்தால் போதும், அதற்குத் தானே ஒரு நாள் வந்து நடித்துக் கொடுப்பதாக எழுதியிருந்தார். சரி, போட்டுப் பார்க்கலாம் என்றார் டைரக்டர். படம் நூறு நாள் ஓடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அதே கப்பலில்தான் நாங்களும் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினோம். நான் திட்டி அனுப்பிய ஊர், யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். தளத்தில் நின்று பார்த்தால் ஜெட்டி நிறைய ஜனம். அதே இருநூறு பேர், அதே வரிசையில் நிற்கிறார்கள். முன் வரிசையில் மனைவி நின்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். சங்கு ஊதியது. கப்பல் நகர்ந்து, நடுவில் தண்ணீர் தெரிந்தது. பாய் ஒரு பெட்டி மேல் ஏறி, என் கைக்குட்டையை உயரத் தூக்கினார்.

சிரித்தார்கள். நான் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடியே கைகொட்டிச் சிரித்தார்கள். தெலுங்கு அம்மாள், பெங்காலிப் பெரியவர், டீக்கடைக்காரன், எல்லாரும். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது, ஒருவரும் துடைக்கவில்லை, சிரிப்பையும் நிறுத்தவில்லை. கேமரா கப்பலின் கீழ்த்தளத்தில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பாய் கையை இறக்கவே இல்லை. நான் கைக்குட்டையைத் தேடிப் பையில் கைவிட்டு, அது அங்கே கரையில் இருப்பது நினைவுக்கு வந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.