ஜெயசீலன் மாமாவுக்குப் போட்ட நாற்காலி

அறுப்பின் பண்டிகைக்கு வந்த பூசணிக்காய்களை ஆலயத்தின் பக்கத்து அறையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்று எழுதி வைப்பது எப்போதும் என் பொறுப்பு. அப்போது என் கணவர் போனில் கூப்பிட்டார். "அண்ணன் போய்ட்டாரு, சுகுணா. தூக்கத்துலயே" என்றார்.  என் முகத்தைப் பார்த்தே ஆலயத்து மாதர் சங்கத்துப் பெண்கள் புரிந்துகொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். நானும் கண்களை மூடினேன். ஆனால் மனம் ஜெபத்தில் நிற்கவில்லை. வாசலில் நாற்காலி போட வேண்டும், வாத்தியத்தை எடுத்து வைக்க வேண்டும், ஒரு பூ வாங்க வேண்டும் என்றே அது ஓடியது. பெரிய மாமா என்னிடம் கேட்டிருந்தது அது ஒன்றைத்தான்.

அதை நான் செய்யவில்லை. நம் சபைப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் ஐயர் கேட்டபோது, வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன்.

ஜெயசீலன் அவர்கள் என் கணவரின் மூத்த அண்ணன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எனக்குப் பெரிய மாமா. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். வெளிநாட்டிலிருந்து பாதி பதனிட்ட மாட்டுத்தோலைக் கம்பெனி வாங்கத் தொடங்கிய காலத்தில், கப்பலில் ஏற்றும் முன் பார்த்து எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மாமாவை அர்ஜென்டினாவுக்கு அனுப்பினார்கள். ஜோலார்பேட்டையில் ரயிலேற்ற வீடே திரண்டு போனதாம். திரும்பி வரும்போது கைக்கடிகாரமும் சென்ட்டும் எதிர்பார்த்து நின்றவர்கள் முன்னால், ஒரு கறுப்புப் பெட்டியோடு இறங்கினாராம். "இன்னாடா இது, தையல் மிஷினா?" என்று என் மாமியார் கேட்டாராம்.

உள்ளே இருந்த வாத்தியத்தின் பெயர் பாண்டோனியோன். இரண்டு பக்கமும் பொத்தான்கள், நடுவில் விரிந்து மடங்கும் துருத்தி. மடியில் வைத்து வாசிக்க வேண்டும். பார்ப்பதற்கு நம் ஆர்மோனியத்தின் ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். பியூனஸ் அயர்ஸில் மாமா தங்கியிருந்த விடுதியின் கீழறையில், பெரிய டாங்கோ குழுக்களில் வாசித்து ஓய்ந்த ஒருவர் குடியிருந்தாராம். அவரிடம் பழகிப் பழகி இவர் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

டாங்கோ என்பது அந்த நாட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கான இசை. ஒரு காலத்தில் அந்த நகரத்தில் ரேடியோவிலும் காபிக் கடையிலும் ஆட்ட அரங்குகளிலும் அதுதான் கேட்குமாம். குழுக்கள் நிறைய. ஒன்றின் நடை இன்னொன்றுக்கு வராது. அந்தக் குழுத் தலைவர்களையும் மெட்டமைத்தவர்களையும் பற்றி மாமா சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். நான் சமைக்கும்போது சமையலறை வாசலில் கேசட் பெட்டியை வைத்துக்கொண்டு உட்காருவார்.

"கேளு சுகுணா, இந்தாளு தையல் மிஷின் மாதிரி. கால் சும்மா இருக்காது. அடுத்து வர்றவரு பளபளன்னு கிளேஸ் போட்ட தோலு, கை வழுக்கிக்கினு போவும். இப்ப பாரு, இந்த குண்டு மனுஷன் கண்ண மூடிக்கினு வாசிப்பாரு. ஒரு சுரத்த இழுத்தாருன்னா நம்ம வூட்ல எழவு வுழுந்த மாதிரி இருக்கும்."

நான் எட்டாவதோடு நின்றவள். வேதாகமத்தைப் படித்துப் படித்தே நாலு வரி எழுதக் கற்றுக்கொண்டவள். ஆட்டப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பது சரியா என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. அதனால் கேட்காதவளைப் போல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். ஆனால் சில வருஷங்களில், பாட்டு தொடங்கிய உடனே அது தையல் மிஷின்காரரா, கிளேஸ் தோல்காரரா என்று எனக்குத் தெரிந்துவிடும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமாவுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன். என் கையில் கத்தி நின்றால் அவர் சிரிப்பார்.

நம் ஆலயத்து ஆர்கன் துருவேறிப் பேசாமல் போனபோது அந்த இடத்தில் உட்கார்ந்தவர் அவர்தான். அப்போதிருந்த ஐயர் தயங்கினாராம். அதற்கு மாமா, "இது ஜெர்மனியில செஞ்ச வாத்தியம் ஐயரே. ஆர்கன் வாங்க வழியில்லாத கோயில்ல ஞானப்பாட்டுக்கு வாசிச்சது. தூர தேசம் போயி ஆட்டக் கொட்டாயில உக்காந்துக்குச்சு. நான் வூட்டுக்குக் கூட்டியாந்திருக்கேன்" என்றாராம். வேதாகமக் கதையில் போல, ஊதாரியாய்ப் போய் வீடு திரும்பிய கெட்ட குமாரனைத் திருப்பி அனுப்ப எந்த ஐயருக்கு மனம் வரும்? திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க நாம் பீடத்தண்டை போய்வரும் நேரத்தில் அவர் மெதுவாக வாசிக்கும் ஒரு மெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். அது ஏதோ பழைய ஜெர்மன் ஞானப்பாட்டு என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம். அது ஒரு டாங்கோ என்பதைக் கேட்டவர்களிடம் அவர் மறைத்ததில்லை. கேட்டவர்கள்தான் குறைவு.

அர்ஜென்டினாவிலிருந்து ஷூ வாங்க வந்த ஒரு வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தார். மெட்டைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தேம்பித் தேம்பி அழுதார். ஆராதனை முடிந்து வெளியே வந்து மாமாவைக் கட்டிப்பிடித்து, சந்தோஷம் தாங்காமல் போர்ட்டிகோவில் இரண்டு அடி ஆடியும் காட்டினார். அவ்வளவுதான். கோயிலில் டான்ஸ் பாட்டு வாசிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

சபைக் கமிட்டியின் செயலாளராக இருந்த எட்வின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஜனங்க பேசறாங்க. கொஞ்ச நாள் நிறுத்திக்கங்க" என்றார். மாமா கோபப்படவில்லை. டீ கொண்டுவரச் சொன்னார். அந்த டாங்கோ குழுத் தலைவர்களில் ஒருவருடைய கதையை அவருக்குச் சொன்னார். அரசியலுக்காக அந்த மனிதரைச் சிறையில் போடுவார்களாம். அவர் இல்லாத நாளில் குழுவினர் அவருடைய பியானோவின் மேல் ஒரு சிவப்புப் பூவை வைத்துவிட்டு வாசிப்பார்களாம். அந்த இடம் யாருடையது என்று வந்தவர்களுக்கு அந்தப் பூவே சொல்லிவிடுமாம்.

"உங்க சீட்ல பூ வைக்கச் சொல்றீங்களா அண்ணே?" என்று எட்வின் அண்ணன் சிரித்தார்.

"இப்ப வேணாம்ப்பா, நான் உசுரோட கீறேன். போனப்புறம் வை" என்றார் மாமா.

எட்வின் அண்ணன் குத்தலாகக் கேட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிறிலிருந்து எட்வின் அண்ணனின் மகன் கீபோர்டு வாசித்தான். மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் விரல்களால் தாளம் போட்டார். ஒரு வாரம்கூட ஆராதனைக்கு வராமல் இருந்ததில்லை.

இந்த வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு மாலையில் என்னைக் கூப்பிட்டு, "எட்வின் மறந்துடுவான். நீ வை. வாசல்ல ஒரு சேரு, அதும்மேல வாத்தியம், ஒரு பூ. பேண்டு வேணாம். யாரும் வாசிக்கவும் வேணாம். என் எடத்துல யாரும் இல்லன்னு தெரிஞ்சா போதும்" என்றார். சரி மாமா என்றேன்.

அடக்க நாளன்று காலையில் செய்யவும் செய்தேன். பந்தலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு வாத்தியத்தை வைத்தேன். மாலை கட்டுபவரிடம் சொல்லி வாங்கிய சிவப்பு ரோஜா என் கையில் இருந்தது. அப்போது ஐயரும் கமிட்டிக்காரர்களும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் பக்கத்தில் வந்தார். "சுகுணா, அத உள்ள எடுத்துடு. கமிட்டிகிட்ட கல்லறையில அண்ணிக்குப் பக்கத்துல எடம் கேட்டிருக்கோம். இந்த நேரத்துல எதுக்கு வம்பு" என்றார். அண்ணனுக்கு அந்த இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்பது அவருடைய பயம். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். மாமா கேட்டது இது என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொல்லும் முன்பே என் கை வாத்தியத்தின் மேல் இருந்தது. சங்கத்துப் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்பது என் பயம்.

மார்போடு அணைத்துத் தூக்கியபோது என் விரல் ஏதோ பொத்தானில் பட்டுவிட்டது. அது நீளமாக ஒரு சத்தம் போட்டது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையைப் போட்டு மூடினேன். ரோஜாவை மாமாவின் காலடியில் இருந்த மற்றப் பூக்களோடு போட்டேன். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிறகு எட்வின் அண்ணன் வந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தார். ஒரு சிவப்பு ரோஜா. அதைக் கையில் வைத்துக்கொண்டு பந்தல் முழுக்கத் தேடினார். வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வாத்தியம் எங்கம்மா? வாசல்ல இருக்கும்னு நெனச்சினு வந்தேன்."

"உள்ள இருக்குண்ணே. வேலை ஜாஸ்தி, எடுத்து வைக்க மறந்துட்டேன்" என்றேன்.

மாமா அங்கேயே படுத்திருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எட்வின் அண்ணன் ரோஜாவை அந்த வெறும் நாற்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். ஓடிப்போய் எடுத்து வரலாம் என்று நான் திரும்புவதற்குள் ஐயர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்தின் நடுவில், ஒடுகத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்த எங்கள் உறவுக்காரம்மாள் ஒருவர், கால் வலியோடு உட்கார இடம் தேடினார். பூவை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு என்ன தெரியும்? நான் பார்த்தேன். எட்வின் அண்ணனும் பார்த்தார். 

கல்லறையில் இடம் தயாராகவே இருந்தது. மாமாவின் மனைவி பெரிய அத்தைக்குப் பக்கத்தில்தான். எட்வின் அண்ணன் முந்தின நாள் மாலையே ஆட்களோடு போய் நின்று வெட்டச் செய்தாராம். யாரும் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதற்குப் பயந்தோமோ அது எங்கேயும் இல்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். பீடத்தண்டை போகும் நேரம் வந்ததும் எட்வின் அண்ணன் எழுந்து போய்த் தன் மகனின் தோளைத் தொட்டார். அவன் கீபோர்டை நிறுத்திவிட்டு எழுந்துகொண்டான். அதன்மேல் துணியைப் போர்த்தி, ஒரு ரோஜாவை வைத்துவிட்டு அவர் தம் இடத்துக்குத் திரும்பினார். கரண்ட் போய்விட்டது என்று சிலர் நினைத்தீர்களாம். மெட்டு இல்லாமல், வெறுங்கால்கள் தரையில் படும் சத்தத்தோடு நாம் எல்லாரும் முன்னே போனோம். அந்தப் பூவைத் தாண்டும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாத்தியத்தைக் கட்டிலடியிலிருந்து எடுத்து, அதே நாற்காலியில், தெரு பார்க்கும்படி வாசலில் வைத்திருக்கிறேன். பூ வைக்க இன்னும் எனக்குக் கை வரவில்லை. மாமா, இவ்வளவு காலம் கடைசி பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உங்களுக்காக ஒருவர் பூவோடு வந்தார். அதை வைக்க இடம் இல்லாமல் செய்தவள் நான்தான். போய் வாருங்கள், மாமா.