மேட்டில் ஏறாத புல்வெட்டி வண்டி

"...கை வச்சதும் ஏறிருச்சு பாத்தீகளாண்ணே! நீங்க ரெண்டு பெல்ட்டு மாத்துனீக, முக்கிக்கிட்டே நின்னுச்சு. செல்வராசண்ணே இன்னிக்குக் காலையிலதான் வந்தாக, பூனைக்குட்டி மாதிரி போகுது" என்றான் பாண்டி. சின்னமனூர் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தங்கும் விடுதியில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு அவன்தான் டிரைவர்.

செல்வராஜும் நானும் ஒரே டிராக்டர் பட்டறையில் தொழில் பழகியவர்கள். பிறகு என் கடைக்கு எதிரிலேயே அவனும் கடை போட்டான். பாண்டி அவனைப் புகழ்ந்ததே எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ்கூட இல்லாதது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கோளாறு இதுதான். என்ஜின் ஓடும், பிளேடு சுற்றும், சமதளத்தில் வண்டி போகும். மேட்டில் மட்டும் இழுவை போய் நின்றுவிடும். முந்தின நாள் சாயங்காலம், பெல்ட் வழுக்குகிறது என்று மாற்றினேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லி ஸ்பிரிங்கையும் மாற்றினேன். தீரவில்லை.

மேனேஜர் செல்வராஜுக்கு மட்டும் டீ வரவழைத்தார். "இனிமே இங்கன உள்ள மிஷினெல்லாம் இவரே பாக்கட்டும்" என்றார். என் கடையில் பாதி வேலை இந்த விடுதியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அவன் டீ குடிப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வண்டியின் பின்பக்கம் போனேன். டிரெய்லர் மாட்டும் துளை தேய்ந்து பளபளத்தது. சுற்றிலும் வாழைக்கறை. அப்போதுதான் பிடிபட்டது. இது ஹைட்ரோ டிரைவ், ஆயில் அழுத்தத்தில் ஓடுவது. பாரம் இழுத்து ஆயில் சூடானால் இளகிவிடும், இழுவை இருக்காது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டி காலையில் யார் தொட்டாலும் ஏறும்.

"ஏலே, இதுல வாழைத்தாரா ஏத்துற?"

பாண்டியின் முகம் வெளிறியது. "மெதுவாண்ணே. கீழ்த்தோப்புல இருந்து தலையில சொமந்து கழுத்தே போச்சு. மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னய அனுப்பிருவாக."

சத்தமாகச் சொன்னால் செல்வராஜின் டீ ஆறிப்போகும், என் வேலையும் தங்கும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பாண்டியைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து, ஸ்பேனரை எடுக்கும் முன்பே, "இந்த வண்டிய வேற எதுக்கெல்லாம் ஓட்டுறீக?" என்று கேட்டுவிடுகிறேன். இளைய மெக்கானிக்குகளுக்கும் அதைத்தான் சொல்வேன்.

"என்ன, இன்னும் நிக்கிறீக?" என்றார் மேனேஜர். டூல் பாக்ஸை பைக்கில் கட்டத் தொடங்கினேன்.

பாண்டி என்னைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் போய், வாழைத்தார் அடுக்கிய டிரெய்லரை எல்லார் முன்னாலும் இழுத்து வந்து, வண்டியில் மாட்டி, "இதோட நாலு நட மேட்டுல ஏத்திக் காட்டுங்கண்ணே" என்று செல்வராஜிடம் சாவியை நீட்டினான்.