செபத்தின் மறுபாதி

பாரிசவாதம் வந்த பிறகு என் மனைவியிடம் மிஞ்சிய ஒரே சொல் ‘ஓம்’, ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். வலது கையும் வலது காலும் போயின. அவற்றோடு மற்றச் சொற்களும் போயின. தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். தலையாட்டலும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம்.

குருநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் மீன் பையை நீட்டும்போது ஒருநாள் சொன்னாள்: “ஐயா, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லாத மனுசி, இப்ப எல்லாத்துக்கும் ஓம் எண்டுறா.”

நானும் சிரித்தேன். அவள் சொன்னது உண்மை. என் மனைவி மறுத்துப் பேசிப் பழகியவள். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறர் சொல்வதன் பொருளைத் தவறாமல் எடுத்துச் சொல்வதே என் வேலை. வீட்டுக்கு வந்தால் அவள் என் வசனங்களைத் திருத்துவாள்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஒரு கிழமை முழுவதும் அவள் முகத்தைச் சுளித்தபடி கிடந்தாள். காலோ நோகுது என்று கேட்டேன். ஓம். கையோ? ஓம். வயிறோ? ஓம். தைலம் பூசினேன், கஞ்சியை மாற்றினேன், தலையணையை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. அதுவரை நான் அவளை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று கத்தினேன்.

“ஒருக்கா இல்லை எண்டு சொல்லித் துலையன்! உனக்கு எங்கை நோகுது எண்டு நான் என்னெண்டு அறியிறது?”

“ஓம்,” என்றாள். கண்ணால் நீர் வழிந்தது.

கிளினிக்கில் அவளைப் புரட்டிப் பார்த்த டொக்டர் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண்ணைக் காட்டினார். நான் துடைத்துவிடும் இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி. நாள்தோறும் அவளைக் கழுவித் துடைத்த நான் அதைக் காணவில்லை.

அன்று மாலை நான் செபமாலை சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் கோயில் மணி அடித்ததும் விளக்கேற்றிச் செபமாலை சொல்வது வழக்கம். ‘அருள் நிறைந்த மரியே’ என்ற செபத்தை ஒருவர் தொடங்குவார், பாதியில் நிறுத்துவார், மற்றவர் மிச்சப் பாதியைச் சொல்லி முடிப்பார். திருமணமான நாளிலிருந்து தொடங்குவது நான், முடிப்பது அவள். அவள் நோயாகி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் இரண்டு பாதியையும் நானே சொன்னேன். வாய் திறக்க முடியாதவளுக்காக ஏன் நிறுத்தவேண்டும் என்று நினைத்து, மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அடுப்பில் சோறு இருந்தது, பம்பேர்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. கெதியாக முடிந்தால் போதும் என்றிருந்தது. புண்ணைக் கண்ட நாளோடு அதையும் விட்டேன்.

விசுவாசம் இல்லாதவன் அல்ல நான். போரில் ஷெல் விழுந்த காலத்தில், சாக்கு மூட்டைகளோடு தேவாலய மண்டபத்தில் கிடந்தபோது, ஆண்டவர் எங்கள் நடுவில் இருக்கிறார் என்பதில் எனக்கு ஐயம் வந்ததில்லை. அப்போது எல்லாருக்கும் ஒரே துன்பம்; ஒருவர் அழுதால் இன்னொருவர் பாட்டெடுப்பார். இந்தத் துன்பம் அப்படியல்ல. நனைந்த படுக்கைவிரிப்பைத் தனியே கிணற்றடிக்குக் கொண்டுபோகிறவனுக்குப் பாட்டெடுக்க யாரும் இல்லை. நீர் இங்கே இருக்கிறீரோ என்று ஆண்டவரைக் கேட்டேன். பதில் இல்லை. என் வீட்டில் ஒருத்தி எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறாள், மற்றவர் ஒன்றுக்கும் வாய் திறக்கிறாரில்லை என்று எரிச்சல்பட்டேன். அதை எரிச்சல் என்று எழுதுவதே மரியாதைக்காகத்தான். கோபம்.

கனடாவிலிருந்து மகள் நாள்தோறும் வீடியோவில் வருவாள்.

“அப்பா, உங்களாலை ஏலாது. உந்த வயசிலை ஆளைத் தூக்கிப் புரட்டுறதெண்டால் விளையாட்டே? சிஸ்டர்மாற்றை முதியோர் இல்லத்திலை விடுங்கோ. நல்லாப் பாப்பினம்.”

“அம்மாவைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்.”

“அப்ப கேளுங்கோவன்!”

நான் போனைக் கட்டிலுக்கு நேரே பிடித்தேன். மகளுக்கு வடிவாகக் கேட்கவேண்டும் என்று சத்தமாகக் கேட்டேன்.

“இஞ்சரும், சிஸ்டர்மாற்றை இடத்துக்குப் போவமே?”

“ஓம்.”

“மனசோடைதானே சொல்லுறீர்?”

“ஓம்.”

“பாத்தீங்களே,” என்றாள் மகள். அவள் குரலில் ஆறுதல் தெரிந்தது. எனக்கும் ஆறுதல்தான்.

வீட்டிலேயே இருப்பமோ என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஓம் என்றுதான் வந்திருக்கும். அது எனக்குத் தெரியும், ஆகையால்தான் கேட்கவில்லை. சாட்சியின் வாயில் பதிலைத் திணித்துக் கேட்கும் கேள்வியை எத்தனையோ நீதவான்கள் தள்ளுபடி செய்ததை நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பண்டத்தரிப்புப் பக்கம் கன்னியர் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் அவளை விட்டேன். துப்புரவான இடம். அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு நான் வெளிக்கிட்டபோது அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

வீட்டில் அன்று நன்றாக நித்திரை கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு பார்க்கப் போனேன். பேருந்து பிந்தியதால் நான் போய்ச் சேர அங்கே மாலைச் செபம் தொடங்கிவிட்டது. உள்ளே நுழையாமல் விறாந்தையில் நின்றேன். சிஸ்டர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். “புனித மரியே, இறைவனின் தாயே” என்று கிழவிகள் எல்லாரும் இழுத்தார்கள். அந்தக் குரல்களுக்குள் ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை.

“அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே...”

பழைய செபம். சின்ன வயதில் தாய் சொல்லிக் கொடுத்தது. கோயிலில் செபத்தை மாற்றியபோதும் அவள் மாற்றவில்லை. “மாதாவுக்கு ரெண்டும் விளங்கும், நீங்கள் உங்கடை பாதியைச் சொல்லுங்கோ,” என்று என் வாயை அடைத்தவள். குரல் கரகரத்திருந்தது. ஆனால் ஒரு சொல் பிசகவில்லை: பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும்.

செபம் முடிந்ததும் நான் சிஸ்டரிடம் ஓடினேன்.

“சிஸ்டர், இவ எப்ப கதைக்கத் தொடங்கினவ?”

“கதைக்கிறேல்லை ஐயா. செபம் மட்டுந்தான். நான் நிப்பாட்டினால் பிடிச்சுக்கொண்டு போவா. வந்த அண்டைக்கே சொன்னவ.” பிறகு என்னை வியப்போடு பார்த்தார். “ஏன், வீட்டிலை சொல்லுறவதானே?”

வீட்டில் நான் நிறுத்தவேயில்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் குரல் அந்த மாதங்களெல்லாம் எனக்குப் பக்கத்தில், ஒரு மூச்சு இடைவெளிக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. ஆண்டவர் பேசவில்லை என்று குறை சொன்ன நான், யாரையும் பேசவிடாமல் ஓட்டமாக ஓடியிருக்கிறேன்.

கோயிலுக்குப் போய் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் இளவயதுக்காரர். “களைப்புப் பாவமில்லை, ஐயா,” என்றார். எனக்கு அதுவும் எரிச்சலாகவே இருந்தது. நான் களைப்பைச் சொல்லவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியைச் சொன்னேன். திருப்பிச் சொன்னேன். அவர், “அப்ப அவவிட்டைச் சொன்னீங்களோ?” என்றார்.

சொன்னேன். இல்லத்துக்குப் போய், கட்டிலருகே இருந்து, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். “நீர் ஓம் எண்டு சொன்னது விருப்பத்திலை இல்லையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொண்டந்து விட்டனான்.”

“ஓம்,” என்றாள்.

அது மன்னிப்போ, குற்றச்சாட்டோ, வெறும் ஒலியோ, நான் இனி அறியப்போவதில்லை. அதை மொழிபெயர்க்க என்னால் முடியாது.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு காலையில் உதவிக்கு ஒரு பெண்ணை ஒழுங்கு செய்தாள். ஒன்றும் இலகுவாகவில்லை. எங்கே நோகிறது என்பது இன்னமும் எனக்குத் தெரியாது; அதனால் ஒவ்வொரு நாளும் உடம்பு முழுவதையும் பார்க்கிறேன். இன்னமும் கோபம் வருகிறது. கத்தியும் விடுகிறேன்.

ஆனால் மாலையில் நான் தொடங்குகிறேன். என் பாதியில் ‘கர்த்தர் உம்முடனே’ என்று சொல்லும்போது மாதாவின் சுரூபத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவர் எங்கேயாவது இருக்கிறார் என்றால் அந்தக் கட்டிலில்தான் இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. பிறகு நிறுத்துகிறேன். அவள் முடிக்கிறாள்.

போன கிழமை நாரிப்பிடிப்பு. நிமிர ஏலவில்லை. மணி அடித்தும் குசினிக்குள் வாங்குப் பலகையில் சாய்ந்து கிடந்தேன். இன்றைக்கு விடுவோம் என்று எண்ணினேன். முன்னறையில் சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தில் அவள் இடது கையால் தட்டுகிறாள். நான் அசையவில்லை. விடாமல் தட்டினாள். அவளால் தொடங்க முடியாது. தொடங்குகிறவன் நான்.

“வாறன், வாறன், பொறும்,” என்று கத்திக்கொண்டு சுவரைப் பிடித்து எழும்பினேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. நான் போய்க் கதிரையில் இருந்து முதல் சொல்லைச் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.