சட்டைப் பையில் மூன்று பியூஸ்

நெய்வேலிச் சுரங்கத்தில் நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிது. மழை தொடங்கியதிலிருந்து எங்கள் கன்வேயர் பெல்ட் தானாக நிற்கும், தானாக ஓடும். அன்று நடுவில் கரி வேறு அடைத்துக்கொண்டது.

ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு, "ஏறுடா" என்றேன். பண்ருட்டிக்காரனான பிட்டர் இப்ராஹிம் அசையவில்லை.

"பியூஸை உருவிப் பாக்கெட்டுல வச்சிக்கினு அப்புறம் சொல்லு."

பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டே மோட்டார் லைனின் பீங்கான் பியூஸ் மூன்றையும் உருவிப் பையில் போட்டேன். அவன் பெல்ட்டில் ஏறிக் கரியைத் தள்ளத் தொடங்கினான். நான் மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டரில் பழுதைத் தேடினேன்.

என் கண்ணெதிரே, யாரும் பட்டனைத் தொடாமல், கான்டாக்டர் 'டக்'கென்று மூடிக்கொண்டது.

பெல்ட் ஓடப்போகிறது என்றே நினைத்தேன். கை சட்டைப் பையைத் தடவியது. பியூஸ் மூன்றும் இருந்தன. பெல்ட் அசையவில்லை.

பட்டனுக்குப் போகும் வயர்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றுக்குக் கரண்ட் வேறு பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்ததால், பியூஸை உருவியும் கான்டாக்டர் மூடிக்கொண்டிருக்கிறது.

இப்ராஹிமைக் கூப்பிட்டு இறக்கி, நடந்ததைச் சொன்னேன். அவன் என் பையில் கைவிட்டுப் பியூஸ்களை எடுத்துக்கொண்டான்.

"ஒனக்குக் கை நடுங்குது. எங்கிட்டயே இருக்கட்டும். இன்னும் பாதி கரி கெடக்குடா."

மறுபடி ஏறிவிட்டான். பயந்தாங்கொள்ளி கீழே நின்றுகொண்டிருந்தேன்.