எரிமலைப் படத்துக்குக் குரல் கொடுத்தவன்

நேற்று தொலைக்காட்சியில் எரிமலைகளைப் பற்றி ஒரு படம். ஜாவாவில் மலை வாயிலிருந்து மஞ்சள் கந்தகக் கட்டிகளைத் தோளில் சுமந்து வருகிறார்கள். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "என்ன மாமா, ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள் மருமகள்.

கந்தகம் என்றாலே எனக்கு, யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம்தான். சோப்பு கிடையாது. நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் எல்லார் உடம்பிலும் சொறி. கந்தகத் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொள்வோம். கல்யாண வீட்டிலும் அந்த நாற்றம்தான். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை ஒருமுறை சொறிந்துகொள்வார்.

சினிமாக் கொட்டகையிலும் அதே நாற்றம். எனக்கு அங்கேதான் பிழைப்பு. ஜப்பானியர் காட்டும் படங்களில் பேச்செல்லாம் அவர்கள் மொழி. திரைக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துத் தமிழில் விளக்கம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழி அரைத் தாளில் அடங்கும். மீதி சொந்தச் சரக்கு. கிள்ளான், மேரு என்று போன இடமெல்லாம் கைதட்டல். பெரிய பேச்சாளன் என்ற நினைப்பு வேறு.

ஒரு பிற்பகல் இலவசக் காட்சி. பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணே, செந்தூல் ரயில் பட்டறைக்காரர், வாசலில் நின்றார். "சும்மாவா காட்டுறான்? அப்ப கட்டாயம் பார்க்கணும்லா!"

"வாங்கண்ணே, எரிமலைப் படம்" என்று நானே முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஜப்பானிய அதிகாரி என்னைத் தனியே அழைத்து அரைகுறை மலாயில் சொன்னார். சயாம் காட்டில் போடும் ரயில் பாதைக்குப் பிடித்துப்போக ஆள் வேண்டும். லோரிகள் வரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. பேசிப் பிடித்து வை. நீ போக வேண்டியதில்லை.

படம் ஓடியது. ஜாவாக்காரர்கள் மலை வாய்க்குள் கோழியும் காய்கறியும் காணிக்கையாக எறிந்தார்கள். உள்சரிவில் சிலர் வலையோடு நின்று அவற்றைப் பிடித்தார்கள்.

"சாமிக்குப் போட்டத இவன் அமுக்குறான் பாரு! நம்ம கோயில் தலைவராட்டம்!" என்று ஒருவர் கத்தினார். கொட்டகை குலுங்கியது.

பிறகு மலை புகைந்தது. அடிவாரத்தில் ஒருவன் உழுதுகொண்டிருந்தான்.

"தம்பி," என்றார் மாணிக்கம் அண்ணே, "தலைக்கு மேல பொகையுதே. இவனுங்க ஏன் ஓடாம இருக்கானுங்க?"

முன்கதவுக்கு வெளியே தாழ் போடும் சத்தம் எனக்குக் கேட்டது. பக்கக் கதவு இன்னும் திறந்திருந்தது.

"மண்ணு அப்படிண்ணே! வெரலால கிண்டினாலே நெல்லு வெளையும். சோறு இருக்கிற எடத்த விட்டு எவன் ஓடுவான்?"

மரவள்ளிக் கிழங்கே தின்று கிடந்த ஜனம். சோறு என்றதும் பெருமூச்சு விட்டது. யாரும் எழவில்லை.

அங்கிருந்த ஜப்பானியர் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. உழுகிறவனுக்குச் சொல்வதுபோல "ஓடு" என்றிருக்கலாம். அண்ணே புரிந்துகொண்டிருப்பார். பயத்தில் எனக்குத் தோன்றவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். தோன்றியது. தோன்றியும் நெல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

லோரியில் ஏறும்போது அண்ணே என்னைத் திட்டவில்லை. எனக்கும் அதே கதி என்று நினைத்துவிட்டார். "நீயும் வரியா தம்பி? எம்பக்கத்துலயே ஏறிக்க, பிரிஞ்சிடாத" என்று கையை நீட்டினார்.

அவர் திரும்பவில்லை. கொட்டகையை இடித்துவிட்டார்கள், இப்போது கார்கள் நிற்கின்றன. எங்கள் வீட்டு வரிசையும் இல்லை. அண்ணி மட்டும் வெகுகாலம் இருந்தார். "கடைசியா நீ அவர பார்த்தியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்பேன். ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். அண்ணியும் போய்விட்டார். இனி என்னிடம் அதைக் கேட்க யாரும் இல்லை.