ஆறாத புண்

முள்ளந்தண்டு முறிந்தவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை செய்யும் வைத்தியர் நான். கரம்பொன் ஊர் யோசேப்பு அண்ணை கூரையால் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அவருடைய படுக்கைப்புண் ஆறுவதும் திரும்ப வெடிப்பதுமாக இருந்தது. மனைவி அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதில்லை என்று சந்தேகப்பட்டேன். கேட்டால் அவ தலையைக் குனிந்துகொள்வா.

ஒருநாள் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் ஆளில்லை. சக்கர நாற்காலி கடற்கரையில் நின்றது. அண்ணை வள்ளத்தின் வெறும்பலகையில் இருந்து வலை இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி துடுப்பு வலித்தா.

கரைக்கு வந்ததும் அவ அழுதா. "சொன்னா மறிச்சுப்போடுவியள் எண்டு இவர்தான் சொல்ல விடேல்லை, டொக்டர்."

"கடலுக்குப் போகாமல் என்னால இருக்க ஏலாது," என்றார் அண்ணை.

அந்த வெறும்பலகை அழுத்தித்தான் புண் திரும்பத் திரும்ப வெடித்திருக்கிறது. அது ஆறும்வரை மறித்தேன். பிறகு அந்தப் பலகைக்கு அளவெடுத்து மெத்தை செய்வித்தேன். இப்போதெல்லாம் புண் ஆறாவிட்டால், வீட்டாரைச் சந்தேகிப்பதற்கு முதல், அந்த மனிதர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று கேட்கிறேன்.