கணக்கு எடுத்த வக்கீல்

வக்கீலாகப் போகிற பெண் கல்லூரியில் என்ன பாடம் எடுக்க வேண்டும்? பட்டென்று ‘வரலாறு’ என்கிறீர்களா? மதிவதனியிடமும் ஊரே அதைத்தான் சொன்னது.

பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன. கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் நீதிமன்றத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவள், தான் படித்த அரசுக் கல்லூரி வாசல் வந்ததும் தன்னையறியாமல் வேகத்தைக் குறைக்கிறாள். சேர்க்கை நாளன்று பீங்கான் கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்த அப்பா நடராசன், செருப்பில் அப்பியிருந்த வெள்ளை மண்ணைப் படியில் தட்டித் தட்டி உதறியது இன்னும் காதில் கேட்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வரை அவர் கம்மாபுரத்தில் விவசாயி. ஒரு ஏக்கர் இருபது சென்ட். மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கும் நாட்களில் ஸ்கூல் பையோடு வயலுக்கு ஓடி, பச்சைக் கொட்டையை மண்ணோடு கடித்தவள் மதிவதனி. அந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. அதிகாரிகள் நீட்டிய தாளில் பரப்பு ‘நாற்பது ஏர்ஸ்’ என்றிருந்தது. ஊரில் யாரும் ஏர்ஸில் உழுததில்லை. காட்டிய இடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நடராசனும் போட்டார். ஆட்சேபனைக் கெடு முடிந்த பிறகுதான் மதிவதனி நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு ஏர்ஸ் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட்; நாற்பத்தெட்டரை ஏர்ஸ் இருக்க வேண்டும். இருபது சென்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. வக்கீலாவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அத்தை காசியம்மாள் ஜோசியரைக் கேட்டு வந்தாள்; குரு பார்வைக்கு வரலாறுதான் பொருத்தமாம். மதிவதனி கேட்ட கணக்கில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் என்பது அந்தக் குருவுக்கு எப்படித் தெரியும்?

சேர்க்கை மேசையில் இருந்த பேராசிரியர் சிரித்தார். “வக்கீலுக்குப் பேச்சு வந்தா போதும்மா. கணக்கு எதுக்கு?”

“எங்க நெலத்தப் பேசிப் புடுங்கல சார். கணக்கு போட்டுத்தான் புடுங்குனாங்க.”

பேராசிரியர் அப்பாவைப் பார்த்தார். வரலாறு என்று சொல்வதற்காகவே லீவு போட்டு வந்த மனிதர், விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அது கேக்கறதையே எழுதிக்குங்க சார்.”

எந்தப் பட்டம் முடித்தாலும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம் என்று அவள் முன்னமே விசாரித்து வைத்திருந்தாள், அப்படியே சேர்ந்தாள். மல்லாட்டைக் கொல்லை திரும்பி வரவில்லை. அது இருந்த இடத்தில் இன்று பள்ளம். ஆனால் நில நோட்டீஸோடு யார் வந்தாலும், அவர்கள் உட்காருவதற்குள் பரப்பைச் சென்ட்டுக்கு மாற்றி உரக்கச் சொல்லிவிடுகிறாள்.

உங்கள் வீட்டுப் பெண்ணும் சட்டம் படிக்க ஆசைப்பட்டால், எந்த அநியாயம் அவளைச் சுட்டது என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரை நீங்கள் எழுதாதீர்கள். பேனாவை அவளிடம் கொடுங்கள்.